கடலோடி கான்ராட்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாக எடுத்துப் பயிலும் நம் தோழர்களுக்கு ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்னும் நாவல் புதிதன்று. ‘இருளின் இதயம்’ என்று தமிழில் அதனை வழங்குவோம். அளவிற் சிறிய நூல். ஓரிரவில் படித்து முடிக்கலாம். ஆயினும் தேர்வுக்கு முந்திய இரவில் அந்நூலைப் படிப்போர் சிலரே. அதற்கென எழுதப்பெற்ற குறிப்புரைகளைப் படிப்போரே பலர். அக்குறிப்புரைகளிலே ஓர் அட்டவணை இருக்கும். ஆறு என்றால் மனத்தின் ஆழம். இருள் என்றால் தீமை. தந்தம் என்றால் பேராசை. வெள்ளைக் காலர் என்றால் போலி நாகரிகம். குறியீடுகள் என்னும் தலைப்பின் கீழ் இவற்றை மனப்பாடம் செய்கிறோம். மறுநாட் காலையில் விடைத்தாளிலே கொட்டுகிறோம். மாலைக்குள் மறந்தும் விடுகிறோம்.

தந்தத்திற்கு எடை உண்டு, விலை உண்டு, அதைச் சுமந்தவனுக்குத் தோள் உண்டு என்பதை அந்த அட்டவணை சொல்வதில்லை. அந்நூலில் வரும் பொருள்களிற் பல, அதை எழுதியவர் கண்ணாற் கண்டவை. காலால் நடந்து கடந்தவை. உடலால் நோய்ப்பட்டு உணர்ந்தவை. ஆகவே ஜோசப் கான்ராட் என்னும் அம்மனிதரின் வாழ்க்கையை இங்கே சற்று விரித்துரைக்க எண்ணுகிறேன். அவர் ஒருமுறை நம் சென்னைக்கும் வந்து போனவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ஆங்கில நாவலாசிரியர் வரிசையிலே முன் நிற்கும் இவர் ஆங்கிலேயர் அல்லர். தாய்மொழி போலிஷ், அடுத்துக் கற்றது பிரெஞ்சு, ஆங்கிலம் இருபது வயதிற்கு மேல் கப்பல் தளத்திலே காதால் கேட்டுப் பழகிய மொழி. 1857-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், இன்று உக்ரேன் நாட்டிலும் அன்று ரஷ்யப் பேரரசிலும் அடங்கிய பெர்திச்சிவ் என்னும் ஊருக்கருகே பிறந்தார். கொஷெனியோவ்ஸ்கி என்பது குடும்பப் பெயர். போலந்து என்றொரு நாடு அப்போது உலகப் படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அதனைக் கூறுபோட்டு விழுங்கிவிட்டிருந்தன. தந்தை அப்பல்லோ கவிஞர். ஷேக்ஸ்பியரையும் விக்டர் ஹ்யூகோவையும் போலிஷ் மொழியில் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்காக மறைவாக உழைத்தவர். 1861-இல் வார்சாவில் கைதானார். மறு ஆண்டு மனைவியோடும் நான்கு வயது மகனோடும் ரஷ்யாவின் வடபகுதியிலுள்ள வோலக்டாவிற்கு நாடு கடத்தப்பெற்றார். குளிரும் ஈரமும் காசநோயும் அக்குடும்பத்தை அரித்தன. 1865-இல் தாய் இறந்தார். 1869-இல் கிராக்கோ நகரிலே தந்தையும் மறைந்தார். தேசபக்தர் ஒருவரின் இறுதி ஊர்வலம் ஆதலின் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். அந்த ஊர்வலத்தின் முன்னே பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் நடந்து சென்றான்.

ஒரு பேரரசு ஒரு வீட்டை எப்படி அழிக்கும் என்பதை அச்சிறுவன் எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைப் பருவத்தில், ஏறத்தாழ ஒன்பது வயதிலே, ஆப்பிரிக்காவின் படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவன் அதன் நடுவே வெறுமையாக விடப்பட்டிருந்த இடத்தில் விரல் வைத்து, வளர்ந்ததும் இங்கே போவேன் என்றானாம். ஐரோப்பியருக்குத் தெரியாத இடம் என்பதால் அது படத்தில் வெறுமையாக இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது வெறுமையன்று. பிற்காலத்தில் தம் நாவலின் நாயகனான மார்லோவிற்கு இதே ஆசையைக் கொடுத்தார். தேர்வுக் குறிப்புரையிலே ‘வெற்றிடம் ஒரு குறியீடு’ என்று காண்கிறோமே, அது ஓர் அனாதைச் சிறுவனின் விரல் நுனி.

தாய்மாமன் ததேயுஸ் பொப்ரோவ்ஸ்கியின் ஆதரவிலே வளர்ந்தவர், 1874-இல், பதினேழு வயது நிரம்புமுன், கடல் வேண்டும் என்று அடம்பிடித்து மார்செய்ல்ஸ் துறைமுகத்திற்குப் போனார். கடலே இல்லாத ஊரிற் பிறந்த பையனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்ததோ! பிரெஞ்சுக் கப்பல்களிலே சில ஆண்டுகள் கழிந்தன. கடன் சேர்ந்தது. 1878-இல் தம் மார்பிலே தாமே சுட்டுக் கொண்டார். குண்டு இதயத்திற் படாமல் வெளியேறியது. மாமன் ஓடிவந்து கடனைத் தீர்த்தார். அவ்வாண்டே ஆங்கிலக் கப்பலொன்றில் சேர்ந்து இங்கிலாந்தின் கரையிலே கால் வைத்தார். சாதாரண மாலுமியாகத் தொடங்கி, தேர்வு மேல் தேர்வாக எழுதி, 1886-இல் பிரிட்டிஷ் குடியுரிமையும் கப்பல் தலைவருக்குரிய சான்றிதழும் பெற்றார். ரஷ்யப் பேரரசின் குடிகளாக இருக்க விரும்பாதவரின் மகன் இன்னொரு பேரரசின் குடியானார்.

இடையிலே வருவதுதான் நம் சென்னை. 1883-இல் லண்டனிலிருந்து ‘ரிவர்ஸ்டேல்’ என்னும் பாய்க்கப்பலிலே இரண்டாம் துணை அதிகாரியாகப் புறப்பட்டு, 1884 ஏப்ரலில் மதறாஸ் வந்து சேர்ந்தார். சென்னைத் துறைமுகம் அப்போது முழுமை பெறவில்லை. கட்டிக் கொண்டிருந்த அலைதாங்கிச் சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் உடைத்தெறிந்திருந்தது. கப்பல் தலைவர் மக்டொனால்டு நோயுற்றார். மருத்துவரை அழைத்துவரக் கரைக்குச் சென்றவர் கான்ராட். தலைவருக்கு வந்திருப்பது குடிமயக்கம் என்று மருத்துவர் எண்ணும்படி அவர் பேசிவிட்டார். செய்தி தலைவர் காதுக்கு எட்டியது. கான்ராட் மன்னிப்புக் கடிதம் எழுதியும் பயனில்லை. ஏப்ரல் 17-ஆம் நாள் கப்பலிலிருந்து விலக்கப்பெற்றார். சான்றிதழில் நடத்தை பற்றி எழுதவேண்டிய இடத்தில் தலைவர் கருத்துரைக்க மறுத்துவிட்டார். மாலுமிக்கு இது பெரிய களங்கம். வேடிக்கை என்னவெனில், அதன்பின் சில நாட்களிலே ‘ரிவர்ஸ்டேல்’ மசூலிப்பட்டினத்திற்கு அருகே தரை தட்டியது. தலைவரின் சான்றிதழே ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

வேலையிழந்த கான்ராட் சென்னையிலிருந்து ரயிலேறிப் பம்பாய் சென்றார். 1876 முதல் 1878 வரை மதறாஸ் மாகாணத்தையும் மைசூரையும் சூறையாடிய பெரும் பஞ்சம் ஓய்ந்து அப்போது ஆறாண்டுகளே ஆகியிருந்தன. இலட்சக்கணக்கானோர் மடிந்த அந்த ஆண்டுகளிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டுதான் இருந்தது. பேரரசு என்பது கப்பலும் ரயிலும் கணக்குப் புத்தகமும் சேர்ந்த இயந்திரம். அதன் ஒரு சிறு பல்சக்கரமாக அன்று நம் மண்ணைக் கடந்து சென்றார், பிற்காலத்தில் அந்த இயந்திரத்தைத் திறந்து காட்டப்போகிறவர். பம்பாயில் ‘நார்சிஸஸ்’ என்னும் கப்பலில் இடம் கிடைத்தது. அக்கப்பலை வைத்தே 1897-இல் ஒரு நாவலும் எழுதினார்.

‘நார்சிஸஸ்’ அக்டோபரில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் பெர்லினிலே ஒரு மாநாடு கூடிற்று. ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக் கொள்ளும் விதிகளை வகுத்த மாநாடு அது. ஆப்பிரிக்கர் ஒருவரேனும் அங்கே அழைக்கப்படவில்லை. அதையொட்டி 1885-இல் காங்கோ ஆற்றுப் படுகையின் பெரும்பகுதி பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் கைக்கு வந்தது. பெல்ஜியத்தின் கைக்கு அன்று. மன்னர் ஒருவரின் சொந்தச் சொத்தாக! இளவரசராக இருந்தபோது இலங்கைக்கும் இந்தியாவிற்கும் பயணம் செய்து, குடியேற்ற நாடுகள் எவ்வளவு வருவாய் தரும் என்று கணக்குப் பார்த்துச் சென்றவர் அவர். காங்கோவிற்கோ வாழ்நாளில் ஒருமுறையேனும் போனதில்லை.

1890-இல் கான்ராட் அங்கே போனார். தூரத்து உறவினரின் மனைவியாரான மார்கரீத் பொரதோவ்ஸ்கா என்னும் எழுத்தாளர் பிரசெல்ஸ் நகரில் இருந்தார். அவரை அத்தை என்று அழைப்பார் கான்ராட். அந்த அத்தையின் சிபாரிசும் சேர்ந்து, மேல் காங்கோ வணிகத்திற்கான பெல்ஜியக் கம்பெனி ஒன்றிலே ஆற்றுக் கப்பல் நடத்தும் வேலை கிடைத்தது. மூன்றாண்டு ஒப்பந்தம். முன்பு அவ்வேலையிலிருந்த டேனிஷ்காரர் ஃப்ரெய்ஸ்லபென், ஊர் மக்களோடு ஏற்பட்ட சச்சரவிலே கொல்லப்பட்டதால் இடம் காலியாகியிருந்தது. நாவலிலும் அத்தை வருகிறார். கொலையுண்ட முன்னவர் வருகிறார். கம்பெனியின் வாயிலிலே கறுப்புக் கம்பளி பின்னிக் கொண்டிருக்கும் இரண்டு பெண்கள் வருகின்றனர். விதியின் நூலை நூற்கும் கிரேக்கத் தேவியர் இவர்கள் என்று உரையாசிரியர் எழுதுவர். சரிதான். நம்மூரில் எழுதியிருந்தால் சித்திரகுப்தனைக் கணக்குப்பிள்ளையாக உட்கார வைத்திருப்பார்கள்.

ஜூன் 13-ஆம் நாள் மத்தாடி என்னும் ஆற்றுத் துறையை அடைந்தார். அதற்கு மேல் ஆறு பாறைகளில் மோதிப் பாய்வதால் கப்பல் செல்லாது. ரயில் பாதை போடும் வேலை அவ்வாண்டுதான் தொடங்கியிருந்தது. மத்தாடியிலே ரோஜர் கேஸ்மென்ட் என்னும் அயர்லாந்து இளைஞரைச் சந்தித்தார். சில நாட்கள் இருவரும் ஓரிடத்தில் தங்கினர். இவரைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 28-ஆம் நாள் சுமைகாரர்களோடு நடைப்பயணம் தொடங்கியது. கின்ஷாசா வரை ஏறத்தாழ 370 கிலோமீட்டர். ஆகஸ்டு 2-ஆம் நாள் போய்ச் சேர்ந்தார். ஐரோப்பியர் மேல் காங்கோவிற் பயன்படுத்திய ஒவ்வொரு பொருளும், பிரித்த நீராவிக் கப்பல்களின் பாகங்கள் உட்பட, மனிதத் தலைகளின் மேல்தான் அவ்வழியே சென்றன. ஒரு சுமை ஏறத்தாழ 30 கிலோ. அந்நடையின்போது கான்ராட் ஆங்கிலத்தில் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். நாவலை விட அது என்னை அதிகம் உலுக்கியது என்றால் மிகையன்று. அலங்காரம் ஒன்றும் இல்லை. இத்தனை மணிக்குப் புறப்பட்டோம், தண்ணீர் மோசம், கொசு, வழியிலே ஒரு பிணம், முகாம் குளிராக இருந்தது. இன்னொரு நாள் இன்னொரு பிணம். பிறகொரு நாள் கம்பத்தில் கட்டப்பட்ட எலும்புக்கூடு. பயணத்தின் முடிவில், தலையிலே குண்டுக் காயம்பட்ட பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன்; அவனுடைய புண்ணுக்குத் தடவக் கொஞ்சம் கிளிசரின் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் அவராற் செய்ய முடிந்தது.

நாவலிலே மார்லோ ஒரு மரநிழலில் ஒதுங்குகிறான். அங்கே வேலை செய்து ஓய்ந்த கறுப்பர்கள் சாவதற்காகச் சுருண்டு கிடக்கின்றனர். ஓர் இளைஞனின் கழுத்திலே வெள்ளை நூல் ஒன்று கட்டியிருக்கிறது. அங்கிருந்து சில அடி தூரத்திலே தலைமைக் கணக்கர் கஞ்சி போட்ட வெள்ளைக் காலரோடும் பளபளக்கும் காலணியோடும் பேரேட்டைப் பிழையின்றி எழுதிக் கொண்டிருக்கிறார். நோயாளியின் முனகல் கூட்டற் கணக்கைக் குலைக்கிறதே என்பதுதான் அவருடைய குறை. வெள்ளை நூல் எதைக் குறிக்கிறது என்று கேள்வித்தாள் கேட்கும். மார்லோவே அதைத்தான் கேட்கிறான். அவனுக்கும் விடை தெரியவில்லை. கடல் கடந்து வந்த நூல் அந்தக் கழுத்திலே ஏன் என்று திகைத்து நிற்கிறான். திகைப்பை அப்படியே விட்டுவிடுவதுதான் அங்கே ஆசிரியரின் கருத்து என்று நான் நினைக்கிறேன். விடைத்தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

கின்ஷாசாவிலே கான்ராடுக்கென ஒதுக்கிய ‘ஃப்ளோரிடா’ என்னும் கப்பல் பழுதுபட்டுக் கிடந்தது. நாவலில் இப்பழுதைச் சுற்றி ஒரு பகுதியே வளர்கிறது. மூழ்கிய கப்பலைச் சரிசெய்ய மார்லோவிற்கு வேண்டியது ரிவிட், வேறொன்றும் இல்லை. பீன்யாப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருக்கும் நம் தோழர்களுக்கு ரிவிட் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. தெருவிற்கு நான்கு பட்டறை. எந்தப் பட்டறையிலும் இரண்டு தகட்டை ஒன்றாக்கும் அந்தக் குமிழ்த் தலை ஆணியைக் காணலாம். அது இல்லாமல் தகடு தகடாகவே இருக்கும்; கப்பல் ஆகாது. ஆற்றின் கீழ்த்துறையிலே ரிவிட் பெட்டி பெட்டியாக உடைந்து சிதறி, நடப்பவர் காலில் இடறுகிறது. மேல்துறைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. வாரந்தோறும் வரும் சுமைகாரர் கூட்டம் கொண்டுவருவதோ மட்டமான துணி, கண்ணாடி மணி, பித்தளைக் கம்பி. தந்தத்திற்கு ஈடாக அவற்றைத்தான் கொடுக்கிறார்கள். நாகரிகத்தைப் பரப்ப வந்தோம் என்பவர்களிடம் இரண்டு தகட்டை இணைக்கும் ஆணி இல்லை. ஏமாற்று வணிகத்திற்கான மணி மட்டும் தீரவே இல்லை. ரிவிட் ஒழுங்கின் குறியீடு என்று உரைநூல் சொல்லும். சொல்லட்டும். லேத் ஓட்டும் கையுடையவன் இந்தப் பகுதியைப் படித்தால் முதலில் அவனுக்கு வருவது கோபம். குறியீடு அதற்குப் பின்னால்தான் வரும். இருபது ஆண்டு கப்பல் வேலை பார்த்த ஒருவராலேதான் இதை எழுத முடியும்.

தம் கப்பல் கிடைக்காமையால் ‘ருவா தே பெல்ஜ்’ என்னும் சிறு நீராவிக் கப்பலில், கோக் என்னும் டேனிஷ் தலைவரின் கீழ், வழி பழகுவதற்காகச் சென்றார். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் எதிர்நீரோட்டத்திலே பயணம். செப்டம்பர் முதல் நாள் ஸ்டான்லி அருவித் துறையை அடைந்தனர். இன்றைய கிசங்கானி அதுவே. தலைவர் நோயுற்றமையாற் சில நாட்கள் கான்ராடே கப்பலுக்குப் பொறுப்பேற்றார். அங்கிருந்து கம்பெனியின் தந்த ஏஜெண்டான கிளைன் என்னும் பிரெஞ்சுக்காரரை நோயாளியாக ஏற்றிக் கொண்டு திரும்பினர். வழியிலேயே அவர் இறந்தார். நாவலிலே ஆற்றின் கோடியில் இருந்துகொண்டு தந்தத்தைக் குவிக்கும் கர்ட்ஸ், கையெழுத்துப் படியில் முதலிற் கிளைன் என்றே இருந்தான். பின்பே பெயர் மாறிற்று. ஜெர்மன் மொழியில் கிளைன் என்றால் சிறியது. கர்ட்ஸ் என்றால் குட்டை.

ஆனால் கிளைன் சாதாரண ஏஜெண்டு, கர்ட்ஸ் அப்படியா? கர்ட்ஸின் வேலிக் கம்பங்களில் வெட்டிய தலைகள் இருக்கின்றன. இதனை மிகைக் கற்பனை என்று தள்ளுவார் உண்டு. ஸ்டான்லி அருவித் துறையிலே பிற்காலத்தில் அதிகாரியாக இருந்த லியோன் ரோம் என்பவர் தம் வீட்டுப் பூந்தோட்டத்தைச் சுற்றி இருபத்தொரு மனிதத் தலைகளை வைத்திருந்தார் என்னும் செய்தி 1898 டிசம்பரில் லண்டன் வார இதழொன்றில் வந்தது. கான்ராட் இந்நாவலை எழுதத் தொடங்கியது அதே டிசம்பரில். ரோம்தான் கர்ட்ஸ் என்று அறுதியிட வேண்டியதில்லை. தலைகள் உண்மை, அதுவே போதும்.

கம்பெனியின் மேலாளர் தெல்கோம்யூனோடு பகை. கப்பல் தருவதாகச் சொன்ன வாக்கும் பொய்த்தது. காய்ச்சலும் வயிற்றுக் கடுப்பும் சேர்ந்து வாட்டின. மூன்றாண்டு ஒப்பந்தம் அரையாண்டோடு முடிந்தது. 1891 சனவரியில் உடைந்த உடம்போடு ஐரோப்பா திரும்பினார். அந்த உடம்பு பிறகு முழுதாகத் தேறவே இல்லை. பெட்டியிலே தம் முதல் நாவலின் ஏழு அத்தியாயங்கள் கையெழுத்தாக இருந்தன. காங்கோ வரை போய் நனையாமல் மீண்டன. அதுவே ‘ஆல்மேயர்ஸ் ஃபாலி’ என்று 1895-இல் வெளியாயிற்று. அட்டையில் ஜோசப் கான்ராட் என்னும் பெயர் முதன்முதலாக வந்தது. கடல் வாழ்வு முடிந்தது. 1896-இல் ஜெஸ்ஸி ஜார்ஜ் என்னும் ஆங்கிலப் பெண்ணை மணந்தார். இரண்டு ஆண் மக்கள்.

‘இருளின் இதயம்’ 1899 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ‘பிளாக்வுட்ஸ்’ என்னும் மாத இதழில் மூன்று பகுதிகளாக வந்தது, 1902-இல் நூலாயிற்று. கதை தொடங்கும் இடம் ஆப்பிரிக்கா அன்று. லண்டனின் தேம்ஸ் ஆறு. ‘நெல்லி’ என்னும் படகிலே நண்பர்கள் அமர்ந்திருக்கின்றனர் (அந்தப் படகு கூட அவருடைய நண்பர் ஒருவருக்குச் சொந்தமானது). அங்கே மார்லோ முதலிற் சொல்வது, ரோமானியர் வந்த காலத்தில் இங்கிலாந்தும் இருண்ட இடமாகத்தான் இருந்தது என்பது. ஆளவந்தவன் எங்கே இறங்கினாலும் அந்த இடத்தை இருள் என்றே பெயரிடுவான் என்னும் நுட்பம் இதில் இருக்கிறது.

இனி, உரைநூல்கள் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1890-இல் அந்த ஆற்றிலே கப்பல் போக்குவரத்து இருந்தது. கரையிலே நிலையங்கள் இருந்தன. ஸ்டான்லி அருவித் துறை ஆள் நடமாட்டமுள்ள இடம். கான்ராட் இவற்றையெல்லாம் அழித்துவிட்டார். ஆளரவமற்ற ஆறு, ஊமைக் காடு, முடிவிலே தனித்த ஒருவன் என்று மாற்றினார். காங்கோ என்ற பெயரும் லியோபோல்டு என்ற பெயரும் நாவலில் எங்கும் இல்லை. இப்படிப் பெயர்களை நீக்கியதால்தான் அக்கதை எல்லா நாட்டு ஆதிக்கத்திற்கும் பொருந்துவதாயிற்று. அதை நம் நாட்டிலிருந்து படித்தாலும் நெஞ்சு துணுக்குறுகிறது. அதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. பெயர் போனதும் குற்றவாளியும் போய்விட்டான். இருள் என்பது மனித நெஞ்சின் பொது இருள் என்று நாம் எழுதும்போது, ஒரு மன்னரும் ஒரு கம்பெனியும் ஒரு பேரேடும் விடைத்தாளிலிருந்து நழுவிவிடுகின்றன.

கான்ராட் அழித்தவை அவை மட்டுமல்ல. அந்நாவலின் ஆப்பிரிக்கர் கூட்டமாக வருகின்றனர், நிழலாக வருகின்றனர், கூச்சலாக வருகின்றனர். பேசும் மனிதராக வருவது அரிதினும் அரிது. 1975 பிப்ரவரியிலே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஒரு வெள்ளைக்காரனின் மனம் உடைவதைக் காட்டுவதற்காக ஒரு கண்டம் முழுவதையும் திரைச்சீலையாக மாற்றலாமா என்பது அவர் எழுப்பிய வினா. கான்ராட் இனவெறியரே என்று ஒளிவுமறைவின்றி உரைத்தார். ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ என்னும் நாவலை 1958-இல் எழுதி, ஊரும் பேரும் பேச்சும் உள்ள ஆப்பிரிக்கரைக் காட்டியவர் அவர். சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அன்று முதல் உலகின் இலக்கிய வகுப்புகளிலே இந்த வழக்கு நடந்து கொண்டே இருக்கிறது. என் அளவில், அச்சிபியின் குற்றச்சாட்டை மறுப்பதற்கு வழி காணேன். அதற்காக நாவலை ஒதுக்கவும் மனம் வரவில்லை. பிணங்களைப் பார்த்துக் குறித்தவர், அவர்களுடைய பெயர்களைக் கேட்டுக் குறிக்கவில்லை. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போன திருநெல்வேலிக் கூலிகளை எழுதினார். அங்கே கங்காணியின் சொல்லும் கேட்கும், கூலிப் பெண்ணின் சொல்லும் கேட்கும். அந்தக் காதுதான் கான்ராடிடம் இல்லாமற் போயிற்று. காங்கோ மக்களின் மொழி எதையும் அவர் கற்றதில்லை.

காங்கோவிலே தந்தத்திற்குப் பின் ரப்பர் வந்தது. 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்த பின் உலகம் ரப்பர் கேட்டது. லியோபோல்டின் சிப்பாய்கள் காட்டு ரப்பர் கொண்டுவராத ஊர்களைச் சுட்டனர், கைகளை வெட்டினர். மத்தாடியிலே கான்ராட் சந்தித்த கேஸ்மென்ட் பின்னாளில் பிரிட்டிஷ் தூதரானார். 1903-இல் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். 1904-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதிலே பாதிக்கப்பட்டோர் பேசினர். 1903 டிசம்பரில் கான்ராட் அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கிளர்ச்சியில் நேரே இறங்க மட்டும் முன்வரவில்லை. 1908-இல் லியோபோல்டிடமிருந்து காங்கோவைப் பெல்ஜிய அரசு எடுத்துக் கொண்டது. கேஸ்மென்ட் பிறகு தம் தாய்நாடான அயர்லாந்தின் விடுதலைக்குப் படை திரட்ட முயன்று பிடிபட்டார். தூக்குத் தண்டனையைக் குறைக்குமாறு எழுத்தாளர் பலர் விண்ணப்பம் செய்தனர். கான்ராட் கையெழுத்திடவில்லை. அடிமை நாட்டுக்காகச் சிறை சென்ற அப்பல்லோவின் மகன் கையெழுத்திடவில்லை! முதல் உலகப் போர் நடந்த காலம். பிரிட்டனுக்கு எதிரான செயலை அவரால் மன்னிக்க இயலவில்லை. புகலிடம் தந்த நாட்டின் மேல் அகதிக்குள்ள பற்று அது என்று சிலர் அமைதி கூறுவர். எனக்கு அது அவர் வாழ்வின் வருத்தந்தரும் பக்கமாகவே தோன்றுகிறது. 1916 ஆகஸ்டு 3-ஆம் நாள் கேஸ்மென்ட் தூக்கிலிடப்பட்டார்.

‘லார்ட் ஜிம்’, ‘நாஸ்ட்ரோமோ’, ‘தி சீக்ரெட் ஏஜெண்ட்’ ஆகிய பெரிய நாவல்கள் 1900-க்கும் 1907-க்கும் இடையே வந்தன. அறிஞர் புகழ்ந்தனர், பணம் வரவில்லை. ‘சான்ஸ்’ என்னும் நாவல்தான், ஐம்பத்தைந்து வயதிற்கு மேல், வறுமையைப் போக்கியது. கீல்வாதம் விரல்களை முடக்கியது. ஆங்கிலத்தைப் பேசும்போது போலிஷ் ஒலிப்பு கடைசிவரை போகவில்லை என்பர். 1924-இல் பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் தர முன்வந்தது, வேண்டாமென மறுத்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், கேஸ்மென்ட் தூக்கிலேறிய அதே தேதியில், கென்ட் மாவட்டத்தில் தம் வீட்டிலே காலமானார். கேன்டர்பரியில் அடக்கம் செய்தனர். ஊரிலே அப்போது கிரிக்கெட் திருவிழா. கடைத்தெருவெங்கும் கொடிகள் கட்டி மக்கள் ஆட்டம் பார்க்கப் போய்க் கொண்டிருந்தனர். அவ்வழியே சிறு ஊர்வலம் ஒன்று கடந்து சென்றது. கல்லறையில் அவருடைய போலிஷ் பெயரையும் பொறித்தார்கள். எழுத்துப் பிழையோடு.